விரதமும் கல்லீரல் கொழுப்பும் – கடிதம்

அன்புள்ள டாக்டர்,

வயது 44, எடை 84 கிலோ. ஸ்கேனில் இரண்டாம் நிலை ஃபேட்டி லிவர் என்று வந்தபின் மூன்று மாதமாக 16:8 விரதம் இருக்கிறேன். மதியம் 12 முதல் இரவு 8 வரைதான் சாப்பாடு. பழச்சாற்றுடன் தொடங்குவேன். எடை ஒரு கிலோதான் இறங்கியது. கல்லீரல் நொதிகளான எஸ்ஜிபிடி 78, எஸ்ஜிஓடி 52, தட்டணு (பிளேட்லெட்) 2.4 லட்சம். 1.1 ஆக இருந்த மொத்த பிலிருபின் (காமாலையில் ஏறும் மஞ்சள் நிறமி) இப்போது 2.1, அதில் நேரடி 0.4. பட்டினி கிடந்தால் உடம்புக் கொழுப்பெல்லாம் கல்லீரலில் சேர்ந்து காமாலை வரும் என்கிறார் நண்பர். நிறுத்திவிடவா?

எம்.

அன்புள்ள எம்.,

நண்பர் சொன்னதில் பாதி உண்மை. சாப்பிடாத நேரத்தில் கல்லீரல் தன்னிடமுள்ள கிளைகோஜனை, அதாவது சுமார் 100 கிராம் மாவுச்சத்து இருப்பை, சர்க்கரையாக்கி ரத்தத்தில் விடும். அது குறையும்போது இன்சுலினும் தாழ்ந்திருப்பதால் உடம்புக் கொழுப்பு கரைந்து கல்லீரலுக்கு வரத்தான் செய்யும். ஆனால் இன்சுலின் தாழ்ந்த கல்லீரல் அதில் பெரும்பங்கை எரித்துக் கீட்டோன் என்ற எரிபொருளாக வெளியே அனுப்பிவிடும். ஒன்றரை நாள், இரண்டு நாள் முழுப் பட்டினியில் வரத்து மிஞ்சித் தற்காலிகமாகக் கொழுப்பு ஏறலாம். 16 மணி நேரத்துக்கு அந்தப் பயம் வேண்டாம்.

உங்கள் சிக்கல் மீதி 8 மணி நேரத்தில் இருக்கிறது. சீனாவின் குவாங்சோவில் உடற்பருமனும் ஃபேட்டி லிவரும் உள்ள 88 பேரிடம் நடந்த ஆய்வு 2023இல் வெளியானது. எல்லோருக்கும் ஒரே கலோரி அளவு: ஆண்களுக்கு 1500–1800, பெண்களுக்கு 1200–1500. ஒரு சாரார் காலை 8 முதல் மாலை 4 வரை மட்டுமே சாப்பிட்டார்கள்; மற்றவர்களுக்கு நேரக் கட்டுப்பாடு இல்லை. ஓராண்டில் இரு சாராருக்கும் கல்லீரல் கொழுப்பு ஏறக்குறைய ஒரே அளவில்தான் குறைந்தது. விரதம் குறைவாகச் சாப்பிட ஒரு வசதி, அவ்வளவுதான். எட்டு மணி நேரத்துக்குள் பழைய அளவையே சாப்பிட்டால் பலனில்லை. ஒரு கிலோதான் இறங்கியது என்பது அதைத்தான் காட்டுகிறது.

பழச்சாற்றை முதலில் விடுங்கள். அதிலுள்ள ஃபிரக்டோஸ் என்ற பழச் சர்க்கரையைக் கல்லீரல் நேரே கொழுப்பாக்கும். இரண்டு முட்டை அல்லது ஒரு கிண்ணம் சுண்டல், பிறகு காய், கடைசியில் ஒரு கப் சோறு என்று தொடங்குங்கள். கடைசிச் சாப்பாட்டை மாலை 6 மணிக்குள் கொண்டுவர முடிந்தால் நல்லது. உங்களுக்கு 4 கிலோ இறங்கினால் கொழுப்பு குறையும், 6 கிலோவில் அழற்சி அடங்கும், 8 கிலோவுக்கு மேல் போனால் கல்லீரலில் விழுந்த தழும்பும் தேறலாம். வாரத்துக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ போதும். ஒன்றரை கிலோவைத் தாண்டினால் பித்தப்பையில் கல் சேரும் வாய்ப்பு கூடும்.

தழும்பு இருக்கிறதா என்பதுதான் முக்கியமான கேள்வி. அதை ஊகிக்க ஃபிப்-4 (FIB-4) என்று ஒரு கணக்கு உண்டு. வயதையும் எஸ்ஜிஓடியையும் பெருக்குங்கள்: 2288. தட்டணுவை ஆயிரத்தில் எடுத்து (240) எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தால் (8.83) பெருக்கி, அந்தத் தொகையால் 2288ஐ வகுத்தால் 1.08. இது 1.3க்குக் கீழே இருப்பதால் முற்றிய தழும்பு இருக்கும் வாய்ப்பு குறைவு.

பிலிருபின் விஷயம் வேறு. நேரடி 0.4 மட்டும், மீதியெல்லாம் மறைமுகம் (கல்லீரல் இன்னும் பக்குவப்படுத்தாதது) என்றால் கில்பர்ட் என்ற பிறவி இயல்பாக இருக்கலாம். அப்படிப்பட்டவர்களுக்குப் பட்டினியில் பிலிருபின் இரண்டு மடங்குகூட ஏறும், கல்லீரலைக் கெடுக்காது. ஹீமோகுளோபினும் ரெட்டிகுலோசைட் (இளம் சிவப்பணு) எண்ணிக்கையும் பார்த்து ரத்தம் சிதையவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அடுத்த ரத்தப் பரிசோதனைக்கு 10–12 மணி நேரத்துக்கு மேல் வெறும் வயிறு வேண்டாம். முந்தைய இரண்டு நாள் கடும் உடற்பயிற்சியும் கூடாது. தசையிலிருந்தும் எஸ்ஜிஓடி ஏறும்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சர்க்கரை நோய்க்குக் கிளிமிபிரைடு மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் மருத்துவரிடம் அளவை மாற்றாமல் விரதம் இருந்தால் சர்க்கரை ஆபத்தாக இறங்கும். பட்டினியில் அந்த மருந்தின் நச்சை முறிக்கும் குளூட்டாதயோன் கல்லீரலில் குறைவதால் பாரசிட்டமாலை அளவு மீறிப் போடவே கூடாது. சிரோசிஸ் (கல்லீரல் முழுதும் தழும்பேறி இறுகிய நிலை) உள்ளவர்களுக்கு 16:8 வேண்டவே வேண்டாம். அவர்கள் கல்லீரலில் கிளைகோஜன் இருப்பு மிகக் குறைவு; ஒரே இரவில் தசை கரையத் தொடங்கும். படுக்கும் முன் 50 கிராம் மாவுச்சத்து உள்ள சிற்றுண்டி அவர்களுக்குக் கட்டாயம்.