அமேசான்ல சாகஸ் நோய் ஜூஸ் குடிச்சா வருமா?

பூச்சியால வர்ற சாகஸ் நோய் பிரேசிலோட அமேசான் பக்கம் ஜூஸ்ல இருந்தும் வருதாமே, உண்மையான்னு கேட்டிருக்கீங்க. உண்மைதாங்க.

1909ல பிரேசில் டாக்டர் கார்லோஸ் சாகஸ் இந்த நோயைக் கண்டுபிடிச்சப்போ தெரிஞ்ச கதை வேற, மண் வீட்டு சுவர் இடுக்குல ஒளிஞ்சிருக்கிற பூச்சி ராத்திரி வந்து ரத்தம் குடிக்கும், அது போடுற கழிவுல தான் ஒட்டுண்ணி இருக்கும், நாம சொறியும்போது உள்ள போயிடும். ஆனா அமேசான்ல அந்தப் பூச்சிங்க காட்டுல பனை மரங்கள்ல வாழுது. அசாயின்னு ஒரு பனம்பழம் இருக்கு, பாரா மாநிலத்துல அது தினசரி சாப்பாடு மாதிரி, ஜூஸுக்கு அரைக்கும்போது பழத்தோட பூச்சியோ அதோட கழிவோ சேர்ந்து அரைபட்டுச்சுன்னா, அதைக் குடிச்ச ஒரு குடும்பமே ஒண்ணா படுத்துடும். ஒரே நேரத்துல நிறைய ஒட்டுண்ணி உள்ள போறதால காய்ச்சல், முகவீக்கம், இதயத்துல அழற்சின்னு கடுமையா போகலாம், உயிரும் போகலாம்.

ஃப்ரீஸர்ல வச்சா சரியாயிடும்னு நம்பவே கூடாது. பழத்தை நல்லா கழுவி 80 டிகிரி சூட்டு தண்ணில 10 செகண்ட் முக்கி எடுக்கணும், இல்லன்னா பாஸ்சரைஸ் பண்ணணும்.

எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் ஒண்ணு, அங்க மலேரியாவுக்கு ரத்தம் பாக்குற லேப் ஆளுங்களுக்கே இந்த ஒட்டுண்ணியையும் அடையாளம் காண பயிற்சி கொடுத்திருக்காங்க, காய்ச்சல்னு வந்தா ஒரே ஸ்லைடுல ரெண்டையும் பாத்துடலாம். சீக்கிரம் கண்டுபிடிச்சா பென்ஸ்நிடசோல் மாத்திரை நல்லா வேலை செய்யும், வருஷக்கணக்கா விட்டுட்டா இதயம் கெட்டுப்போன பிறகு அந்த மருந்தால பெருசா காப்பாத்த முடியாது.