வாசகர் கேள்வி பதில்: ஆய்வுக் கட்டுரையும் எழுத்துருவும்

கேள்வி: வேர்டில் அடித்து பிடிஎஃப் ஆக்கிய என் கட்டுரையை, 'எழுத்துரு எம்பெட் ஆகவில்லை' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். என் கணினியில் ஒழுங்காகத்தான் தெரிகிறது. என்ன கோளாறு?
– ஆய்வு மாணவி, திருச்சி

பதில்: எம்பெட் என்றால் எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே சேர்த்து வைப்பது. அந்த எழுத்துரு உங்கள் கணினியில் இருக்கிறது, அதனால் தெரிகிறது. அக்ரோபேட் ரீடரில் கன்ட்ரோலுடன் டி-யை அழுத்தி, 'ஃபான்ட்ஸ்' பக்கத்தைப் பாருங்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் 'எம்பெடட்' அல்லது 'எம்பெடட் சப்செட்' என்று இருக்க வேண்டும். இல்லாத பெயர்தான் குற்றவாளி.

வேர்டில் 'சேவ் ஆஸ்' போய் பிடிஎஃப் தேர்ந்தெடுத்து, 'ஆப்ஷன்ஸ்' உள்ளே பிடிஎஃப்/ஏ (எழுத்துருக்களைக் கட்டாயம் உள்ளே வைக்கும் பிடிஎஃப் வகை) என்ற கட்டத்தில் டிக் போடுங்கள். 'எம்பெட் ஃபான்ட்ஸ் இன் தி ஃபைல்' என்று வேறொரு இடத்தில் இருப்பதைப் பலர் இதற்காகவே டிக் செய்கிறார்கள். அது வேர்டு கோப்புக்கு மட்டும்தான். அடோபி பிடிஎஃப் பிரிண்டர் வழியாகப் போகிறவர்கள், அதன் 'நெவர் எம்பெட்' பட்டியலில் ஏரியல், டைம்ஸ் இருந்தால் நீக்கிவிட வேண்டும்.

கேள்வி: லேடெக்கில் (கட்டளைகள் எழுதிப் பக்கம் அமைக்கும் மென்பொருள்) எழுதினேன். எல்லாம் எம்பெட் ஆகியிருந்தும், 'டைப் 3' இருக்கிறது என்று மறுக்கிறார்கள்.
– பொறியியல் ஆய்வாளர், கோவை

பதில்: டைப் 3 என்பது எழுத்துகளை வரையும் கட்டளைகளாகச் சேமிக்கும் ஒரு பிடிஎஃப் எழுத்துரு வகை. பெரும்பாலும் வரைபடங்களில்தான் சிக்கல். பைத்தான் மொழியின் வரைபடத் தொகுப்பான மேட்பிளாட்லிப், தானாக விட்டால் டைப் 3-ஐத்தான் எழுதும். வரைவதற்கு முன் 'பிடிஎஃப் ஃபான்ட்டைப்' அமைப்பை 42 என்று மாற்றினால் ட்ரூடைப் என்ற வழக்கமான எழுத்துரு வகையாக வரும். 'ஆர்' மொழியில் சாதாரண பிடிஎஃப் கட்டளை ஹெல்வெட்டிகா எழுத்துருவை எம்பெட் செய்யாமலே விடும். கெய்ரோ பிடிஎஃப் கட்டளைக்கு மாறுங்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்துருவை லேடெக் தொடுவதே இல்லை. படத்தை மறுபடி வரையாமல் கட்டுரையை எத்தனை முறை கம்பைல் செய்தாலும் பயனில்லை.

கட்டுரையின் உடல் எழுத்தே டைப் 3 என்றால், டி1 என்கோடிங் (லேடெக்கின் ஓர் எழுத்துக் குறியீட்டு முறை) போட்டுவிட்டு, அதற்கான சிஎம்-சூப்பர் எழுத்துருத் தொகுப்பை நிறுவாமல் விட்டிருப்பீர்கள். லேட்டின் மாடர்ன் எழுத்துருவைச் சேர்த்தால் தீரும்.

பிடிஎஃப்பை மறுபடி எழுதித் தரும் கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற மென்பொருளில் ஒருமுறை ஓட்டினால் எம்பெட் ஆகாதவை உள்ளே வரும், டைப் 3 மாறாது. இல்லாத எழுத்துருவுக்குப் பதிலாக வேறொன்றை அது வைத்துவிடும் என்பதால், ஓட்டிய பிறகு கிரேக்க எழுத்துகளையும் கழித்தல் குறிகளையும் கண்ணால் பாருங்கள்.

கேள்வி: பாமினியில் அடித்த தமிழ்க் கட்டுரையை எம்பெட் செய்தால் போதுமா?
– விரிவுரையாளர், யாழ்ப்பாணம்

பதில்: பார்க்க மட்டும் போதும். பாமினி, தமிழ் உருவங்களை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார வைத்த எழுத்துரு. பிடிஎஃப்பிலிருந்து 'தமிழ்' என்பதை நகலெடுத்து ஒட்டினால் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று விழும். தேடுபொறிக்கும் அதுதான் தெரியும். கட்டுரை இருந்தும் யாருக்கும் கிடைக்காது.

ஒவ்வொரு எழுத்துக்கும் தனி எண் தரும் பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றி, லதா அல்லது நிர்மலா போன்ற எழுத்துருவில் அமையுங்கள். மாற்றும் மென்பொருளில் முழுக் கட்டுரையையும் ஒரே மூச்சில் கொட்டாதீர்கள்: இடையில் வரும் ஆங்கிலச் சொற்களும் மேற்கோள் நூற்பெயர்களும் தமிழ்க் குப்பையாகிவிடும். அவற்றைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மாற்றுங்கள். யூனிகோடு பிடிஎஃப்பிலும் நகலெடுக்கும்போது கொம்பு இடம் மாறுவதுண்டு. வேர்டு கோப்பையும் சேர்த்தே அனுப்புங்கள்.