நூலகத் துறைக்குப் போக விரும்பும் பிள்ளை இப்போதே பழக வேண்டியவை

அம்மா, கணினி வந்த பிறகு நூலகத்தில் வேலை இருக்குமா என்று கவலைப்படுகிறீர்கள். வேலை இருக்கிறது, அதன் தன்மைதான் மாறிவிட்டது. புத்தகத்தை எடுத்துக் கொடுப்பதோடு, அதன் விவரத்தைக் கணினியில் பிழையில்லாமல் பதிந்து தேடக்கூடியதாக்கவும் ஆள் வேண்டும். அதற்கான மென்பொருட்கள் பெரும்பாலும் இலவசம் என்பதால், உயர்தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை மகள் வீட்டிலிருந்தே பழகலாம்.

முதலில் கோஹா. நியூசிலாந்தின் ஹொரோவெனுவா நூலகங்களுக்காக 1999இல் எழுதப்பட்ட இந்த மென்பொருளில் பட்டியலாக்கம், இரவல், அங்கத்தவர் பதிவு எல்லாம் அடங்கும். கோஹா சமூகத்தின் இணையத்தளத்தில் மாதிரித் தளங்கள் உள்ளன. எதையும் நிறுவாமல் அங்கே தொடங்குங்கள். அங்கே பலரும் பழகுவார்கள், பதிந்தவை அழிந்தும் போகும். அதனால் உண்மையான வேலையை அங்கே வைக்கக்கூடாது. பிறகு 8 ஜிபி நினைவகமுள்ள மடிக்கணினியில் வேர்ச்சுவல்பொக்ஸ் (கணினிக்குள் இன்னொரு கணினியை இயக்கும் மென்பொருள்) போட்டு, அதற்குள் டெபியன் என்ற இலவச இயங்குதளத்தையும் கோஹாவையும் நிறுவலாம். தேடலுக்காகக் கோஹா வைத்திருக்கும் சொல் அட்டவணையை, பல மொழி எழுத்துக்களையும் கையாளும் ஐசியு முறைக்கு மாற்றி, அதை மீள உருவாக்க மறந்தால் தமிழ்ச் சொற்தேடல் ஒழுங்காக நடக்காது.

அடுத்து, ஊர் வாசிகசாலையிலோ சனசமூக நிலையத்திலோ அனுமதி கேட்டு 200 புத்தகங்களைப் பட்டியலாக்கச் சொல்லுங்கள். நூல் விவரங்களை எண்ணிட்ட புலங்களில் பதியும் மார்க் 21 முறையில் தொடக்கத்துக்கு ஐந்து புலங்கள் போதும்: 020 ஐஎஸ்பிஎன் (நூலின் சர்வதேசத் தர எண்), 082 டூயி எண் (நூலைப் பொருள்வாரியாக வகைப்படுத்தும் எண்), 100 ஆசிரியர், 245 தலைப்பு, கோஹா தனக்கென வைத்திருக்கும் 952 பிரதி விவரம். தமிழ் இலக்கியத்துக்கு டூயி எண் 894.811 என்பதை மனதில் வைத்திருக்கட்டும்.

சிக்கல் பெரும்பாலும் தமிழில்தான் வரும். இங்கே பலர் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சுகிறார்கள். பார்வைக்கு அது தமிழ், கணினிக்கோ ஆங்கில எழுத்துக்களின் கோர்வை. அப்படிப் பதிந்த தலைப்பைத் தேடினால் அகப்படாது, எனவே முதல் நாளிலிருந்தே, தமிழ் எழுத்துக்களுக்குத் தனிக் குறியீடு தரும் யுனிகோட்தான். எக்செல்லில் பட்டியல் தயாரித்தால், சாதாரண சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த எழுத்துக் கோப்பாக) சேமிக்கையில் தமிழ் முழுவதும் கேள்விக்குறியாகிவிடும். யுனிகோட் எழுத்துக்களைக் காக்கும் யுடிஎஃப்-8 சிஎஸ்வியைத் தெரிவுசெய்ய வேண்டும். ஐஎஸ்பிஎன், அனுமதி இலக்கம் (நூலகம் ஒவ்வொரு பிரதிக்கும் இடும் எண்) ஆகிய நிரல்களை முன்கூட்டியே எழுத்துவடிவமாக்காவிட்டால் 00125 என்பது 125 ஆகும், 13 இலக்க எண் சுருங்கித் தெரியும்.

ஆசிரியர் பெயர் இன்னொரு பொறி. ‘க. கைலாசபதி’, ‘கைலாசபதி, க.’, ‘க.கைலாசபதி’ என மூன்று விதமாகப் பதிந்தால் கணினிக்கு அவர் மூன்று பேர். ஓப்பன்ரிஃபைன் என்ற இலவசக் கருவியில் ஒத்த பெயர்களைச் சேர்த்துக் காட்டும் குழுவாக்கம் முதல் இரண்டையும் பிடித்துவிடும். அது நிறுத்தக்குறிகளை நீக்கிச் சொற்களை வரிசைப்படுத்தி ஒப்பிடுவதே காரணம். மூன்றாவதில் புள்ளிக்குப் பின் இடைவெளி இல்லாததால் முதலெழுத்தும் பெயரும் ஒரே சொல்லாகி அந்த முறைக்குத் தப்பிவிடும். ஆகவே கண்ணாலும் பார்க்க வேண்டும்.

வெளிநாட்டு நூலகங்களின் பதிவுகளை இசட்39.50 (நூலகங்களுக்கிடையே பதிவுகளைத் தேடிப் பெறும் முறை) வழியாக இறக்கலாம். ஆனால் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தமிழ்ப் பதிவுகள் பெரும்பாலும் ரோமன் எழுத்தில் இருக்கும். யாழ்ப்பாணத்தில் அச்சான பழைய நூல்கள் பலவற்றுக்கு ஐஎஸ்பிஎன்னே இல்லை. அவற்றைப் புத்தகத்தின் தலைப்புப் பக்கத்தைப் பார்த்து மகளே பதிய வேண்டும். இந்தத் திறமை உள்ளவர்கள்தான் எங்கள் ஊர் நூல்களுக்குத் தேவை. 2005 முதல் ஈழத்து நூல்களை எண்ணிமமாக்கி வரும் நூலகம் நிறுவனத்தின் தளத்தில் பட்டியல் எப்படி அமைந்திருக்கிறது என்று அவள் பார்க்கட்டும்.

பல்கலைக்கழக நூலகத்தில் நாட்டமென்றால் சொட்டேரோவும் பழகட்டும். மேற்கோள்களை ஒழுங்குபடுத்தும் அது இலவசம், கோப்புகளுக்கான இணையச் சேமிப்பு மட்டும் 300 எம்பிக்கு மேல் கட்டணம்.

தகைமைக்கு இலங்கை நூலகச் சங்கத்தின் டிப்ளோமா ஒரு வழி, களனிப் பல்கலைக்கழகப் பட்டம் இன்னொரு வழி. விண்ணப்பத்தோடு, தான் பட்டியலாக்கிய பதிவுகளில் பத்தை அச்சிட்டு இணைக்கலாம். முழுப் பதிவுகளையும் கோஹாவிலிருந்து மார்க் கோப்பாக ஏற்றுமதி செய்து, ஒரு பிரதியை வாசிகசாலைக்குக் கொடுத்துவிடட்டும்.