இன்ஜெக்‌ஷனைக் கழற்றிவிட்டுக் கார்புரேட்டர் மாட்டலாமா?

கேள்வி: என்னிடம் 1990-ஆம் ஆண்டின் செவ்ரோலே சி1500 பிக்கப் டிரக் இருக்கிறது. 5.7 லிட்டர் வி8 இன்ஜின், த்ராட்டில் பாடி இன்ஜெக்‌ஷன், நான்கு கியர் ஆட்டோமேட்டிக். சில மாதங்களாகக் கரும்புகை வருகிறது. சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் வேகம் ஏறி இறங்குகிறது. கம்ப்யூட்டரையும் வயர்களையும் கழற்றிவிட்டுக் கார்புரேட்டர் மாட்டுவதே எளிது என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?
– டெக்சாஸ் வாசகர்

பதில்: இப்போது வேண்டாம். நீங்கள் சொல்லும் இரண்டு கோளாறுகளும் பெரும்பாலும் ஒரு சிறிய சென்சாரிலோ, கரி படிந்த ஐடில் வால்விலோ, எங்காவது காற்றுக் கசியும் ரப்பர் குழாயிலோ முடிந்துவிடக்கூடியவை. டேஷ்போர்டுக்குக் கீழே பன்னிரண்டு துளைகள் கொண்ட ஒரு கனெக்டர் இருக்கும். அதில் ஏ, பி என்னும் இரண்டு முனைகளையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்து, இன்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பினால், செக் இன்ஜின் விளக்கு முதலில் 12 என்ற எண்ணை மூன்று முறை மின்னிக் காட்டும். சோதனை அமைப்பு நலமாக இருப்பதன் அடையாளம் அது. அதன்பின் வரும் எண்களே கோளாறைச் சொல்பவை: 14, 15 என்றால் கூலன்ட் வெப்ப சென்சார், 33, 34 என்றால் மேனிஃபோல்டு (இன்ஜினுக்குள் காற்றைக் கொண்டுசெல்லும் குழாய்த் தொகுதி) அழுத்த சென்சார், 45 என்றால் பெட்ரோல் அளவுக்கு மீறிச் செல்கிறது.

எண் எதுவும் வராவிட்டாலும் கூலன்ட் சென்சாரை மட்டும் சோதிக்காமல் விடாதீர்கள். அதன் மின்தடை 20 டிகிரி செல்சியஸில் சுமார் 3,400 ஓம் ஆகவும், கொதிநிலையை நெருங்கும்போது 200 ஓமுக்குச் சற்றுக் கீழாகவும் இருக்க வேண்டும். சூடான இன்ஜினிலும் அது ஆயிரக்கணக்கில் காட்டினால், இன்ஜின் இன்னும் குளிர்ந்தே இருக்கிறது என்று நம்பிக் கம்ப்யூட்டர் பெட்ரோலை அள்ளி ஊற்றிக்கொண்டிருக்கும். உங்கள் கரும்புகைக்கு இது ஒன்றே போதுமான காரணம்.

கார்புரேட்டர் எளிது என்பது கார்புரேட்டரோடு பிறந்த இன்ஜினுக்குப் பொருந்தும். உங்கள் டிரக்கில் கம்ப்யூட்டர் பெட்ரோலை மட்டும் பார்த்துக்கொள்வதில்லை. தீப்பொறியின் நேரத்தையும் அதுதான் முன்பின்னாக நகர்த்துகிறது. ஆகவே அதை எடுத்துவிட்டால், எடைகளாலும் வேக்குவத்தாலும் டைமிங்கைத் தானே மாற்றிக்கொண்டு தீப்பொறியைப் பங்கிடும் பழைய வகை டிஸ்ட்ரிப்யூட்டரையும் வாங்க வேண்டும். 1987 முதல் இந்த வகை சிலிண்டர் ஹெட்டுகளில் நடு போல்ட்டுகளின் கோணம் மாறிவிட்டதால், பழைய கடையில் கிடைக்கும் எந்த இன்டேக் மேனிஃபோல்டும் அப்படியே உட்காராது. ஆக்ஸிலரேட்டருக்கு ஏற்பக் கியர்பாக்ஸின் எண்ணெய் அழுத்தத்தை மாற்றும் த்ராட்டில் வால்வு கேபிள் (சுருக்கமாக டிவி கேபிள்) புதிய கார்புரேட்டரின் லீவரில் சரியான இழுப்பளவோடு பொருந்தாவிட்டால், உள்ளே எண்ணெய் அழுத்தம் குறைந்து கிளட்ச் தட்டுகள் விரைவிலேயே எரிந்துபோகும். கியர்பாக்ஸின் டார்க் கன்வெர்ட்டரை இன்ஜினோடு நேராகப் பூட்டும் லாக்அப்புக்கும் தனி வயரிங் தேவை. கார்புரேட்டரில் மிச்சப்படுத்தியதைக் கியர்பாக்ஸில் இழந்தவர்கள் பலர் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இவை அனைத்தையும்விட எனக்குக் கவலை தருவது பெட்ரோல் பம்ப். டேங்குக்குள் இருக்கும் பம்ப் 9 முதல் 13 பி.எஸ்.ஐ. அழுத்தம் தருகிறது, கார்புரேட்டரின் ஊசி வால்வு தாங்குவது 6 பி.எஸ்.ஐ. அளவே. ரெகுலேட்டரும் திரும்பு குழாயும் இல்லாமல் இணைத்தால் பெட்ரோல் பொங்கி, சூடான இன்ஜின் மீதே வழியும். மேலும், இன்ஜின் நின்றால் பம்பை நிறுத்துவது இப்போது கம்ப்யூட்டரின் வேலை. அதை எடுத்துவிட்டு பம்பை நேராக இக்னிஷனில் கோத்தால், விபத்தில் குழாய் அறுந்தாலும் பம்ப் பெட்ரோலை இறைத்துக்கொண்டே இருக்கும். ஆயில் அழுத்தம் விழுந்தவுடன் பம்பைத் துண்டிக்கும் சுவிட்ச் ஒன்றைப் பொருத்தாமல் இந்த வேலையை யாரும் செய்யக்கூடாது.

சட்டமும் இருக்கிறது. சாலையில் ஓடும் வண்டியின் புகைக்கட்டுப்பாட்டு அமைப்பைக் கழற்றுவதை அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம் தடைசெய்கிறது. கலிஃபோர்னியாவில் 1976-ஆம் ஆண்டு மாடல் முதலான பெட்ரோல் வண்டிகளைப் பானட்டைத் திறந்து கண்ணாலும் சோதிக்கிறார்கள்.

பந்தயக் களத்துக்கு மட்டுமே என்று தனியாக ஒரு இன்ஜினைக் கட்டுகிறீர்கள் என்றால் நிலைமை வேறு. அப்போதும் பெரிய கார்புரேட்டருக்கு ஆசைப்படாதீர்கள். 350 கன அங்குல (அதாவது உங்கள் 5.7 லிட்டர்) இன்ஜின் 4,500 சுற்று வேகத்தில், 85 விழுக்காடு நிரம்புதிறனோடு, நிமிடத்துக்கு 390 கன அடிக்கும் குறைவான காற்றையே இழுக்கிறது. 600 கன அடி கார்புரேட்டர் தாராளம்.

கேள்வி: இதே இன்ஜினுக்கு முந்தைய உரிமையாளர் கார்புரேட்டர் பொருத்திவிட்டார். சமவெளியில் நன்றாக ஓடிய வண்டி, டென்வருக்குக் குடிவந்த பிறகு பெட்ரோல் வாடை அடிக்கிறது. ஏன்?
– கொலராடோ வாசகர்

பதில்: டென்வர் சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று மெலிந்திருப்பதை முன்பு அழுத்த சென்சார் உணர்ந்து பெட்ரோலைக் குறைத்தது. இப்போது கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டின் துளை மாறாததால் கலவை செறிந்துவிடுகிறது. முதலில் மிதவையின் மட்டத்தையும் பெட்ரோல் அழுத்தத்தையும் பாருங்கள். அவை சரியென்றால் மெயின் ஜெட்டை இரண்டு அளவு குறைத்து, ஸ்பார்க் பிளக்கின் நிறத்தைக் கவனியுங்கள். கழற்றிய ஜெட்டுகளைப் பத்திரமாக வையுங்கள். மலையிலிருந்து இறங்கிச் சமவெளியில் பாரம் இழுக்கப் போகும்போது அவற்றைத் திரும்பப் பொருத்தாவிட்டால் கலவை மெலிந்து, இன்ஜின் தட்டத் தொடங்கி, பிஸ்டனே பழுதாகலாம்.