கவரில் வைத்த பணம்

வணக்கம் அண்ணாச்சி,

நாங்கள் திருநெல்வேலி மீனாட்சிபுரம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஆறு எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது. பேட்டையில் லாரிப் பட்டறை வைத்திருக்கும் என் நண்பன், கூப்பிடாமலே, ஒரு லாரி டியூபைத் தூக்கிக்கொண்டு நெஞ்சளவுத் தண்ணீரில் வந்தான். நடக்க முடியாத அம்மாவை அதில் உட்காரவைத்து இழுத்துப்போனான். பன்னிரண்டு நாள் அவன் வீட்டில்தான் இருந்தோம். அப்புறம் எங்களோடு வந்து சகதியும் அள்ளினான். போன மாதம், அவனுக்கு ஆன செலவைக் கணக்குப் பார்த்து 15,000 ரூபாயைக் கவரில் வைத்துக் கொடுத்தேன். முகம் சுருங்கிவிட்டது. கவரைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனவன் இன்னும் சரியாகப் பேசவில்லை. நான் செய்தது தப்பா? இந்தப் பணத்தை என்ன செய்ய?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பிக்கு,

தப்புதான். நானும் அதே தப்பைச் செய்தவன் என்பதால் படித்ததும் சிரிப்புதான் வந்தது.

என் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த பதினோரு ராத்திரியும், பாத்திரக்கடை வைத்திருக்கும் என் சேக்காளி கடையை அடைத்துவிட்டுப் பத்து மணிக்கு வருவான். ஒரு கையில் சுக்குக் காப்பி பிளாஸ்க், கக்கத்தில் சுருட்டிய பாய். அப்பாவுக்கு எப்படி இருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வான். யார் வீட்டுக் கல்யாணத்தில் யாருக்கும் யாருக்கும் சண்டை, அது ஒன்றுதான் பேச்சு. நடுவிலேயே, "நீ கொஞ்சம் கண்ணசரு, நர்சம்மா கூப்பிட்டா நான் போறேன்" என்பான். அந்தப் பாயில் நான் தூங்குவேன். அவன் சுவரில் சாய்ந்தபடி விடியவைப்பான்.

எல்லாம் முடிந்தபிறகு ஒரு கைக்கடிகாரம் வாங்கிக்கொண்டு அவன் கடையில் போய் நின்றேன். "ஏல கோட்டி, நான் என்ன ரிட்டையராயிட்டனா?" என்றான். வாங்கி மேஜை டிராயரில் போட்டான். அடுத்த வாரம் அது கடைப் பையன் கையில் ஓடிக்கொண்டிருந்தது.

குறளில் 11ஆம் அதிகாரத்துக்குப் பெயர் 'செய்ந்நன்றி அறிதல்'. அங்கே நன்றி என்பது இன்று நாம் வாயால் சொல்லும் தேங்க்ஸ் இல்லை. அடுத்தவர் நமக்குச் செய்த நல்லது. நம் வேலை அதை அறிவது. நாம் முன்னால் ஒன்றும் செய்யாதிருக்க ஒருவர் செய்த உதவிக்கு மண்ணையும் விண்ணையும் கொடுத்தாலும் ஈடாகாது என்று முதல் குறளிலேயே வள்ளுவர் கையை விரித்துவிடுகிறார். நீங்கள் 15,000 ரூபாயோடு போயிருக்கிறீர்கள்!

எனக்குப் பிடித்தது 107ஆம் குறள்.

எழுமை எழுபிறப்பும் உள்ளுவர் தங்கண்
விழுமந் துடைத்தவர் நட்பு

துன்பத்தைத் துடைத்தவராம். உங்கள் வீட்டுச் சகதியை வழித்தவனுக்கு இதைவிடப் பொருந்துகிற சொல் எது?

அதே வெள்ளத்தில் திருச்செந்தூர் ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டிக்கொண்டபோது, புதுக்குடி ஊர்க்காரர்கள் தங்களைச் சுற்றியே தண்ணீர் நிற்க, பயணிகளுக்குச் சோறு பொங்கிப் போட்டார்கள். யாருக்கும் பில் போட்டதாகத் தெரியவில்லை.

நம் பக்கத்தில் கணக்கு முடிப்பது வேலையாளை அனுப்பும்போதுதான். உங்கள் நண்பனுக்கு அதுதான் உறைத்திருக்கும். போய் மன்னிப்பெல்லாம் கேட்காதீர்கள், அதற்கும் வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள். வெள்ளத்துக்கு முன்னால் அவனிடம் பைக் இரவல் கேட்டிருப்பீர்கள் அல்லவா, அந்த மாதிரி ஏதாவது கேளுங்கள். கவர் கொடுத்த நாளிலிருந்து அவனிடம் ஒன்றுமே கேட்டிருக்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

சரி, பணம். ஆனி பிறந்து சாரல் விழுந்ததும் ஒரு வேனைப் பிடித்து, அம்மாவையும் ஏற்றிக்கொண்டு, இரண்டு குடும்பமும் குற்றாலம் போய்வாருங்கள். வாடகையை அவன் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்துக் கொடுத்துவிடுங்கள்.