நஞ்சுக்கு எதிரான தடுப்பூசியில் அந்த நஞ்சே இருக்கிறதாமே, உண்மையா?

இதே கேள்வியை என் அம்மாவும் கேட்டார். அவர் காசிமேட்டில் மீன் விற்கிறார். கூடைக்குள் கைவிட்டபோது கெளுத்தி முள் உள்ளங்கையில் ஏறிவிட்டது. ரண ஜன்னி வராமலிருக்க ஊசி போட்ட செவிலியர், "இதுவும் அந்தக் கிருமியின் நஞ்சிலிருந்து செய்ததுதான் அம்மா" என்று சொல்லிவைக்க, வீடு வரும்வரை எனக்குத் திட்டு. "விஷம் ஏற்றவா என்னைக் கூட்டிக்கொண்டு போனாய்?"

படித்தது பயோடெக்னாலஜி என்றாலும், திருக்கையை வைத்துத்தான் அம்மாவுக்கு விளக்க முடிந்தது. திருக்கை வலையில் ஏறியதும் வால் முள்ளை வெட்டிவிடுகிறார்கள். முள் போனாலும் அது திருக்கைதான் என்று பார்த்தவுடன் தெரியும். கிருமியின் நஞ்சிலும் தீங்கு செய்யும் முள்ளை மட்டும் முடக்கிவிட்டுத்தான் ஊசியில் வைக்கிறார்கள்; நம் எதிர்ப்பாற்றலுக்கும் அந்த அடையாளம் போதும்.

வெட்டுவதற்குப் பழைய கத்தி ஃபார்மலின். 1920களில் பிரான்சின் காஸ்தோன் ரமோன், தொண்டை அடைப்பான் நஞ்சில் அதைக் கலந்து, வெதுவெதுப்பில் வாரக்கணக்கில் வைத்து முடக்கினார். ஆனால் ஃபார்மலினுக்குக் குறிபார்க்கத் தெரியாது. முள்ளோடு துடுப்பையும் தோலையும் பிணைத்துவிடும். அடையாளம் கொஞ்சம் கலைந்துபோகும். கக்குவான் இருமல் நஞ்சில் இது பெரிய தலைவலி.

அதனால் மரபணுவிலேயே கைவைத்தார்கள். 1980களின் இறுதியில் இத்தாலியில் ரினோ ரப்புவோலி குழுவினர், கக்குவான் நஞ்சின் வினைபுரியும் பகுதியில் புரதச் சங்கிலியின் கண்ணிகளான அமினோ அமிலங்களில் இரண்டை மட்டும் மாற்றினார்கள்: 9ஆவது இடத்தில் ஆர்ஜினினுக்குப் பதில் லைசின், 129ஆவது இடத்தில் குளூட்டமிக் அமிலத்துக்குப் பதில் கிளைசின். உருவம் அப்படியே இருந்தது, கடி மட்டும் போய்விட்டது. எனக்கு இன்றும் வியப்பு தீரவில்லை.

சிஆர்எம் 197 என்ற புரதத்தின் கதை இன்னும் வேடிக்கை. அது தொண்டை அடைப்பான் நஞ்சின் 535 அமினோ அமிலங்களில் 52ஆவது மட்டும் மாறி, கடி போன வடிவம். யாரும் திட்டமிட்டு மாற்றவில்லை. 1970களில் கண்மூடித்தனமாக உண்டாக்கிய திரிபுகளுக்குள் தேடியபோது அகப்பட்டது. இன்று குழந்தைகளுக்கான நிமோகாக்கல் (நிமோனியா உண்டாக்கும் ஒரு கிருமிக்கு எதிரான) தடுப்பூசிகள் பலவற்றில், கிருமியின் சர்க்கரை உறையைச் சுமக்கும் புரதம் அதுதான்.

எல்லாம் கேட்ட அம்மா, "என் கைக்குப் போட்டது எந்த வகை?" என்றார். ரண ஜன்னிக்கு இன்றும் பழைய வழிதான் என்றேன்.

"மீன் கெடாமலிருக்கக் கலக்கிறார்களே, அந்த ஃபார்மலினா?"

ஊசியில் எஞ்சுவது மிகச் சொற்பம் என்று சொல்லி முடிப்பதற்குள் இரண்டாவது சுற்றுத் திட்டு தொடங்கிவிட்டது.