ஃபைல் போய்ச் சேர்ந்த பிறகும் ‘பெர்மிஷன் டினைட்’ ஏன்?

கேள்வி: ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் ஐடி வேலை பார்க்கிறேன். தினமும் இரவு இருப்பு விவர ஃபைல் ஒன்றை, பொருள் வாங்குபவரின் எஸ்எஃப்டிபி (பாதுகாப்பாக ஃபைல் அனுப்பும் முறை) சர்வருக்கு ஸ்கிரிப்ட் மூலம் அனுப்புகிறோம். ஒரே பெயர்தான், பழைய ஃபைலின் மேலேயே எழுதுகிறோம். சில வாரங்களாக ஃபைல் முழுதாகப் போய்ச் சேருகிறது, அளவும் சரியாக இருக்கிறது. ஆனாலும் ‘பெர்மிஷன் டினைட்’ என்று சொல்லி ஸ்கிரிப்ட் திரும்பத் திரும்ப அனுப்புகிறது. லாகில் (நடந்ததைப் பதியும் ஃபைலில்) ‘செட்ஸ்டாட்’, ‘ஃபிளாக்ஸ் 12’ என்று இருக்கிறது. இந்த 12 என்ன? என்ன செய்ய வேண்டும்?

பதில்: உங்கள் ஃபைலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஃபைலை சர்வர் வாங்கிக்கொண்டது. அதற்குப் பின்னால் போன ‘செட்ஸ்டாட்’ என்ற வேறொரு கோரிக்கையைத்தான் (ஃபைலின் பண்புகளை மாற்றச் சொல்வது) மறுத்திருக்கிறது. அந்தக் கோரிக்கை என்ன கேட்டது என்பதை 12 என்ற எண்ணே சொல்லிவிடும்.

எஸ்எஃப்டிபியில் ஃபைலின் பண்புகள் பதிலில் வந்தாலும் சரி, மாற்றச் சொல்லிப் போனாலும் சரி, அவற்றுக்கு முன்னால் நான்கு பைட்டில் ஒரு ஃபிளாக் எண் இருக்கும். பின்னால் எந்தெந்த விவரம் வருகிறது என்று அது முன்கூட்டியே சொல்லும். இன்றைக்குப் பரவலாக ஓடும் 3ஆம் பதிப்பில் 1 என்றால் அளவு; 2 என்றால் ஓனர், குரூப் எண்கள்; 4 என்றால் பெர்மிஷன்; 8 என்றால் கடைசியாகப் படித்த நேரமும் திருத்திய நேரமும். உங்கள் 12 என்பது 4 கூட்டல் 8. “பெர்மிஷனையும் நேரத்தையும் நான் சொல்கிறபடி மாற்று, மற்றதைத் தொடாதே” என்று உங்கள் ஸ்கிரிப்ட் கேட்கிறது. ஃபிளாகில் இல்லாத விவரத்துக்குப் பூஜ்ஜியம் என்று பொருள் இல்லை. அதைப் பற்றிப் பேச்சே இல்லை என்று பொருள்.

644 பெர்மிஷன் உள்ள ஃபைலுக்கு (ஓனர் படிக்கலாம், எழுதலாம்; மற்றவர்கள் படிக்க மட்டும்) இந்தப் பகுதியைப் பைட் பைட்டாகப் பிரித்தால் 0 0 0 12 என்று ஃபிளாக், 0 0 1 164 என்று பெர்மிஷன், பிறகு இரண்டு நேரங்களுக்கு நான்கு நான்கு பைட், ஆக மொத்தம் 16 பைட். 1 164 என்ன கணக்கு என்றால், 256 கூட்டல் 164, அதாவது 420. எட்டின் அடிமானத்தில் எழுதிய 644தான் தசமத்தில் 420. லாகில் 420ஐப் பார்த்து மிரள வேண்டாம்.

இதை ஏன் மறுக்கிறது? யூனிக்ஸ் வகை சர்வரில் ஒரு ஃபைலில் எழுத, எழுதும் உரிமை இருந்தால் போதும். குரூப் வழியாகவும் அது கிடைக்கும். ஆனால் பெர்மிஷனை மாற்றவும், நேரத்தை நாம் சொல்லும் மதிப்புக்குத் திருத்தவும் அந்த ஃபைலின் ஓனராகவே இருக்க வேண்டும் (ரூட் என்ற நிர்வாகக் கணக்குக்கு மட்டும் விலக்கு). மேலெழுதினால் உள்ளடக்கம் மாறும், ஓனர் மாறாது. சில வாரங்களுக்கு முன் அந்தப் பக்கம் யாரோ பழைய ஃபைலை நீக்கிவிட்டு வேறு கணக்கிலிருந்து நகலெடுத்து வைத்திருந்தால், அன்று முதல் இந்தக் கதைதான். எஸ்எஃப்டிபிக்குள் நுழைந்து நீளமான பட்டியல் எடுத்து, ஓனர் பெயரைப் பாருங்கள். உங்கள் கணக்கு இல்லையென்றால் காரணம் அதுதான்.

இன்னொரு காரணமும் உண்டு. சர்வருக்குப் பின்னால் டிஸ்க்குக்குப் பதில் கிளவுட் சேமிப்பு இருக்கலாம். அங்கே யூனிக்ஸ் பெர்மிஷன் என்ற ஒன்றே இல்லாததால் செட்ஸ்டாட் தோற்கலாம். அமேசானின் டிரான்ஸ்ஃபர் ஃபேமிலி சேவையில் எஸ்3 என்ற கிளவுட் சேமிப்புக்கு அனுப்பும்போது, செட்ஸ்டாட்டைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிட சர்வர் பக்கமே ஓர் அமைப்பு இருக்கிறது.

சுலபமான தீர்வு, அந்தக் கோரிக்கையையே அனுப்பாமல் விடுவது. ஓப்பன்எஸ்எஸ்எச் நிரலில் அனுப்புகிறீர்கள் என்றால், ஃபைலை ஏற்றும் ‘புட்’ கட்டளையோடு இருக்கும் ‘-பி’யை (பெர்மிஷனையும் நேரத்தையும் அப்படியே வைக்கச் சொல்வது) எடுத்துவிடுங்கள். வின்எஸ்சிபி நிரலில் நேரத்தை அப்படியே வைக்கும் தேர்வையும் பெர்மிஷன் அமைக்கும் தேர்வையும் அணைத்துவிடுங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள். ‘-பி’ இல்லாவிட்டாலும், ஃபைலைத் திறக்கும்போதே ஓப்பன்எஸ்எஸ்எச் ஃபிளாக் 4ஐப் போட்டுப் பெர்மிஷனைச் சொல்லிவிடும். ஃபைல் புதிதாக உருவாகும்போது மட்டுமே அதற்குப் பலன் உண்டு. அப்போதும் சர்வரின் யூமாஸ்க் (புது ஃபைலில் எந்த உரிமைகளை நீக்குவது என்ற அமைப்பு) அதை வெட்டும். உங்களிடம் 664 ஆக இருந்தது, 022 யூமாஸ்க் உள்ள சர்வரில் 644 ஆகிவிடும். குரூப்பில் இருக்கும் வேறொரு நிரல் அதில் எழுத வேண்டியிருந்தால் முன்பே சொல்லி வையுங்கள்.

நேரம் அப்படியே இருந்தாக வேண்டும் என்றால், வேறு பெயரில் ஏற்றி, நேரத்தை அமைத்து, பிறகு பழைய பெயருக்கு மாற்றுங்கள். புதிதாக உருவான ஃபைல் உங்களுடையது, அதனால் செட்ஸ்டாட் நிறைவேறும். பாதி ஏறிய ஃபைலை அவர்கள் எடுத்துவிடும் ஆபத்தும் போகும். எனக்குப் பிடித்த வழி இதுதான். 3ஆம் பதிப்பின் சாதாரண பெயர் மாற்றம், அந்தப் பெயரில் ஏற்கெனவே ஃபைல் இருந்தால் தோற்கும். இரு பக்கமும் ஓப்பன்எஸ்எஸ்எச் என்றால் அதன் நீட்டிப்பு ஒன்று பழையதன் மேலேயே பெயரை மாற்றிக் கொடுக்கும்.

ஸ்கிரிப்டை நீங்களே நிரலாக எழுதியிருந்தால் ஒரு எச்சரிக்கை. நான் ஒரு முறை செய்த தவறு இது. ஒரு லாக் ஃபைலின் நேரத்தை மட்டும் திருத்த வேண்டியிருந்தது. சர்வரிடம் பண்புகளைக் கேட்டேன்; ஃபிளாக் 15 என்று எல்லாமே வந்தது. நேரத்தை மட்டும் மாற்றி, அந்த 15ஐ அப்படியே திருப்பி அனுப்பிவிட்டேன். அதில் 1ம் அடக்கம். செட்ஸ்டாட்டில் அளவைச் சொன்னால் “ஃபைலை இந்த அளவுக்கு வெட்டு” என்று அர்த்தம். இடைப்பட்ட நொடிகளில் லாகில் சேர்ந்த வரிகள் போய்விட்டன. அவற்றை மீட்க வழியே இருக்கவில்லை. அன்றிலிருந்து வாங்கிய பண்புகளை நான் திருப்பி அனுப்புவதில்லை. காலியான ஒன்றை உருவாக்கி, மாற்ற வேண்டியதை மட்டும் நிரப்புகிறேன். 3ஆம் பதிப்பில் இரண்டு நேரங்களும் ஒரே ஃபிளாகில் கட்டுண்டவை. ஒன்றை மட்டும் மாற்ற வேண்டுமானால் இன்னொன்றைக் கேட்டு வாங்கிச் சேர்த்து அனுப்பத்தான் வேண்டும். ஓனர், குரூப் எண்களும் இதே போல ஒரே ஃபிளாகில் கட்டுண்டவைதான்.

பல ஃபிளாகைச் சேர்த்து அனுப்பினாலும் பதில் ஒன்றுதான் வரும். பெர்மிஷன் மாறி, நேரம் மாறாமல் போனாலும் ‘தோல்வி’ என்றே வரும். எது தோற்றது என்று தெரிய, 4ஐயும் 8ஐயும் தனித்தனியாக அனுப்பிப் பாருங்கள்.

பதிப்பு பற்றியும் கொஞ்சம். 3ஆம் பதிப்பின் வரைவு 2001ல் வந்தது. 6ஆம் பதிப்பு வரை போய், 2006ல் வரைவாகவே நின்றுவிட்டது. 4ஆம் பதிப்பு முதல் சில ஃபிளாக் எண்களுக்கு வேறு பொருள்: 8 என்றால் படித்த நேரம் மட்டும், திருத்திய நேரத்துக்கு 32. லாகைப் படிக்கும் முன் எந்தப் பதிப்பு பேசப்படுகிறது என்று பாருங்கள். 3ல் நொடிக்குக் கீழே நேரம் கிடையாது. அதனால்தான் சில ஒத்திசைவு நிரல்கள் மாறாத ஃபைலையும் மாறியதாக நினைக்கின்றன.

இன்று இரவுக்குள் ஸ்கிரிப்டில் செய்ய வேண்டியது: ஃபைல் எழுதி மூடியதற்கு வரும் பதிலையும் செட்ஸ்டாட்டுக்கு வரும் பதிலையும் பிரித்துச் சோதியுங்கள். முதலாவது தோற்றால் மட்டும் மறுபடி அனுப்பட்டும். இரண்டாவது தோற்றால் லாகில் ஒரு வரி போதும். கூடவே அந்தப் பக்க நிர்வாகிக்கு எழுதி, ஃபைலின் ஓனரை உங்கள் கணக்குக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள்.